கையை ஊன்றாமல்

விஸ்வநத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்தான் கடையில் சொன்னார், டிரில் வாத்தியார் வேலுச்சாமி போய்விட்டார் என்று. மகள் வீட்டில், தூக்கத்திலேயே. கடை மெத்தையில் இருந்த நான் பதறி எழுந்தேன், கையை ஊன்றாமல். அவரை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டிக்காரர்களான எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் கடை மெத்தையில் சம்மணமிட்டால் கடை கட்டும்வரை எழுவதில்லை. காபி முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லாம் இருந்த இடத்துக்கு வரும். அதைக் கௌரவம் என்று வேறு நினைத்தோம். அறுபது தாண்டியதும் என் கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஒருநாள் வீட்டுப் படியிலேயே விழுந்தேன்.

அந்த வருஷம் என் மனைவி அம்மையிலிருந்து பிழைத்ததற்காக, மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். நான் விழுந்ததைப் பார்த்த மகன்கள், தாங்களே எடுப்பதாகச் சொன்னார்கள். நேர்ந்தவன் நானல்லவா? மனசு கேட்கவில்லை. வாத்தியாரிடம் புலம்பினேன். பள்ளிக்கூட வேலையை விட்டும் விசிலை விடாத மனுஷர்.

“ஆத்தாகிட்ட நேந்துக்கிட்டீக, சரி. நடக்கிறதுக்குக் காலும் அவளா குடுப்பா? எந்திரிங்க அண்ணாச்சி, கையை ஊணாம.”

முடியவில்லை. மறுநாளிலிருந்து விடிந்ததும் கடைக்கு வந்துவிடுவார். முதலில் முக்காலியில் உட்கார்ந்து எழ வைத்தார். பிறகு குதிகாலைத் தூக்கி நிற்க, சுவரில் ஒரு விரலை வைத்து ஒற்றைக் காலில் நிற்க. மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். “என்னலே சிரிப்பு? உங்க முதலாளி கொக்காகிட்டு வாராரு” என்றார். பங்குனி நெருங்கியதும் மணல் நிரப்பிய சட்டியோடு தெருவில் நடக்கவிட்டார். மகன்களும் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்கள்.

மணல் சுடாது என்பதை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். பொங்கலன்று கனல் முகத்தில் அடித்தது. தலையைத் தாழ்த்தி ரோட்டைப் பார்த்தேன். பார்த்ததும் தலை சுற்றி, கால் தள்ளாடியது. சட்டியை வாங்க மூத்தவன் கை நீட்டிவிட்டான்.

அதற்குள் வாத்தியார் என் எதிரே வந்து நின்றார். “கீழ பாக்காதீக. என் மூஞ்சியைப் பாருங்க. நான் என்ன அம்புட்டு அசிங்கமாவா இருக்கேன்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால் தரித்தது. அவர் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தார். அந்தக் கூட்டத்தில், கோயில் வாசல்வரை. பின்னால் கல் கிடக்கிறதா, ஆள் நிற்கிறாரா என்று ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அவருக்கும் என் வயதுதான். அவர் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் இன்றும் செய்கிறேன். கால்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த முகத்தைத்தான். நெருப்புக்கு அப்பால், வேர்வை வடிய, என்மேல் வைத்த கண்ணை எடுக்காத முகம்.