எட்டு சிலிண்டர்களின் கழுத்து

காவ்கிரா என்ற கடலோர ஊரிலிருந்து சிங்கி இறால் பிடிக்கப் போகும் எந்தப் படகிலும் ஓர்ஃபா ஏறியதில்லை. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதும் இல்லை. ஆனால் முங்குகிறவர்கள் முதுகில் கட்டிக்கொண்டு போகிற காற்று சிலிண்டர் ஒவ்வொன்றும் அவள் கைபட்டுத்தான் போக வேண்டும். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். முங்குகிறவர்களின் சங்கம் சிலிண்டர் சோதிக்கும் ஐந்து நாள் வகுப்புக்கு லா செய்பா நகரத்துக்கு ஆள் அனுப்பியபோது ஆண்கள் எல்லோரும் கடலில் இருந்தார்கள். கரையில் சும்மா நிற்கிறவள் என்று இவளை அனுப்பினார்கள். மூன்று பிள்ளைகளையும், படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியாரையும் வைத்துக்கொண்டு சும்மா நின்றாளாம்! போகட்டும்.

வேலை என்னவென்றால், வால்வைக் கழற்றி உள்ளே சின்ன விளக்கை இறக்கி, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியால் கழுத்தின் உட்புற மரையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய அலுமினிய சிலிண்டருக்கு அந்த இடத்தில்தான் விரிசல் விடும். எது பழையது என்பதை அதன் தோள் சொல்லிவிடும். அங்கே மாதமும் வருடமும் வெட்டியிருக்கும். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பதுக்கு முந்தியது என்றால் பெரும்பாலும் உலோகக் கலவையே வேறு, சந்தேகப்பட்டுத்தான் பார்க்க வேண்டும். விரிசல் விட்டது அநேகமாகக் காற்று அடைக்கும்போதுதான் வெடிக்கும், பக்கத்தில் நிற்கிறவனைக் கொண்டுபோகும். சங்கக் கொட்டகையின் கூரை ஒருமுறை அப்படித்தான் போனது, கூடவே ஒருவனுடைய காலும்.

பார்த்து முடித்தால் அந்த வருடத்து நிறத்தில் ஒரு பொட்டு வைப்பாள். இந்த வருடம் பச்சை.

இரண்டு வருடமாக அவளுக்குக் கண் மங்கல். யாரிடமும் சொல்லவில்லை. புகை என்று நினைத்தாள், தூக்கமில்லை என்று நினைத்தாள். போன வாரம் ஊருக்கு வந்த கண் டாக்டர்கள் ஒரு மூக்குக்கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை, வால்வு ஒழுகுகிறது என்று படகிலிருந்து விட்டுப்போன சிலிண்டர் ஒன்றைத் திறந்தாள். மரையின் மேல் இரண்டு சுற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தலைமுடி போல ஒரு கோடு இறங்கியது. கோட்டுக்குள் கருப்பு படிந்திருந்தது. நேற்றைய விரிசல் அல்ல அது. தோளிலோ அவள் வைத்த பச்சைப் பொட்டு, அதன் பக்கத்தில் போன வருடத்து மஞ்சள் பொட்டு.

ஓர்ஃபா தோளைச் சுரண்டித் தேதியைப் பார்த்தாள். மூடிப்போன ஒரு தீவு ஓட்டலிலிருந்து மொத்தமாய் வந்த எட்டில் இது ஒன்று. மற்ற ஏழும் 'மிஸ் கார்மலா' படகில் நடுக்கடலில் இருந்தன. அந்தப் படகில் காற்று அடைக்கிறவன் டால்சன், அவள் தங்கையின் புருஷன்.

படகுகளோடு பேசுகிற ரேடியோ துலியாவின் மளிகைக்கடையில் இருந்தது. என்ன பேசினாலும் ஊருக்கே கேட்கும். அவள் போனாள்.

"வால்டிமார், ஓர்ஃபா பேசறேன். தோள்ல எண்பத்திரெண்டு மார்ச்சுனு வெட்டின சிலிண்டர் ஏழு உன் படகுல இருக்கு. அதுல காத்து அடைக்காதே."

"என்னக்கா இது? போன மாசந்தானே நீங்களே பொட்டு வெச்சு அனுப்பினீங்க?" என்றான் படகோட்டி.

"வெச்சேன். தப்பா வெச்சுட்டேன்."

உப்பு வாங்க வந்த பெண்கள் உப்பை மறந்து நின்றார்கள்.

"இப்பத்தான் இறால் கண்ணுல படுது. ஏழு சிலிண்டர எடுத்துட்டா ஆளுங்க சும்மா உக்காரணும். கரைக்கு வந்து பாத்துக்கலாம்க்கா."

"டால்சனக் கூப்பிடு."

"அவன் அடைச்சிட்டிருக்கான்."

"மெஷின நிறுத்துடா! நிறுத்திட்டு அப்புறம் என்னைத் திட்டு!"

ரேடியோ கரகரத்தது. பிறகு டால்சனின் குரல்.

"என்னக்கா, நீங்க கத்தினதுல மீனெல்லாம் ஓடிப்போச்சு."

"கிண்டல் அப்புறம். கத்தியால பெயிண்டச் சுரண்டித் தோளப் பாரு."

"மூணு... எண்பத்திரெண்டு. அடப்பாவமே, மெஷின்ல மாட்டியிருக்கறதே அதுதான்."

"எவ்வளவு ஏறியிருக்கு?"

"பாதி."

"மெதுவாத் திறந்து விடு. மத்ததுல இருக்கற காத்தையும் விட்டுடு."

காற்று சீறி வெளியேறுவது கடை முழுக்கக் கேட்டது.

நான்கு நாள் முன்னதாகவே படகு கரைக்கு வந்தது, பாதிப் பெட்டி காலியாக. முங்குகிறவன் ஒருவனின் மனைவி கிணற்றடியில் கேட்டாள்: "கண்ணாடி போட்டா இல்லாததெல்லாம் தெரியுமோ?" ஓர்ஃபா குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கொட்டகையில் ஏழு சிலிண்டரையும் திறந்தாள். ஒவ்வொன்றின் மரையையும் மூன்று தடவை சுற்றிப் பார்த்தாள். ஒன்றிலும் கோடு இல்லை. வால்டிமார் இடுப்பில் கை வைத்து நின்றான்.

"பாத்தீங்களா? ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியல, அவ்வளவுதான். இல்லேன்னு நான் சொல்லல. போன மாசமும் எனக்குத் தெரியலதான்."

"அதுக்கு?"

"எட்டும் ஒரே மாசத்துல பொறந்தது. ஒண்ணுக்குக் கழுத்துல விரிசல் விட்டுடுச்சு. மத்த ஏழுக்கும் நான் பொட்டு வெக்க மாட்டேன். இனி யாரும் காத்து அடைக்க முடியாதபடி கழுத்த அறுக்கப் போறேன்."

"சங்கத்துல சொல்லி உங்களை மாத்திடுவேன், ஆமா."

"மாத்து. நாளைக்கே நல்ல கண்ணு இருக்கற ஆளாப் பாத்து வை. இன்னைக்கு ரம்பம் என் கையில இருக்கு."

வால்டிமார் வாசல் கதவை உதைத்துவிட்டுப் போனான். அவள் முதல் கழுத்தில் ரம்பத்தை வைத்தாள். சிலிண்டர் உருண்டது. பிடித்து வைத்தாள், மறுபடி உருண்டது. தோள்பட்டை அப்போதே வலித்தது. வாசலில் நின்ற டால்சன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"இந்தத் தடவ வெறுங்கையோட வந்திருக்கேன். உங்க தங்கச்சி என் மூஞ்சியவே பாக்கல."

"பாக்க மூஞ்சி இருக்கில்ல?"

அவன் குதிரையில் ஏறுவது போல சிலிண்டரின் மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"கொடுங்கக்கா, நான் அறுக்கறேன்."

"பொட்டு வெச்சது நான். நீ அசையாம உக்காரு, போதும்."

மதியம் வரை மூன்று கழுத்துதான் முடிந்தது. அவன் எழுந்துபோய், நான்காவதை உருட்டிக்கொண்டு வந்தான்.