கழற்றி வைத்த தவறணை

சில வருடங்களுக்கு முந்திய நவம்பர் மாதம் அது. ஒஸ்லோவின் வடக்கு எல்லையில், பழைய நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு தவறணையில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தேன்.

தவறணை என்றதும் எங்கள் ஊர்க் கள்ளுக்கொட்டிலை நினைக்க வேண்டாம். குதிரை வண்டிக் காலத்தில் பயணிகள் தங்கி, பியர் குடித்துப் போன இரண்டு மாடி மரவீடு. முழு மரங்களை மூலைக்கு மூலை கொத்திப் பூட்டி, இடுக்குகளில் பாசி அடைத்துக் கட்டியது. சுவருக்கு ஓர் ஆணி கிடையாது. வாசல் அவ்வளவு தாழ்வு. முதல் கிழமை முழுக்கத் தலையை இடித்துக்கொண்டே திரிந்தேன்.

முதலாளியம்மா அந்த வீட்டிலேயே பிறந்தவர். கலியாணம் கட்டவில்லை. சாலையை அகலிக்க வேண்டுமென்று அரசாங்கத்தார் வந்தபோது, வீட்டைக் கழற்றி வேறிடத்தில் அப்படியே எழுப்பித் தருவதாகச் சொன்னதால்தான் சம்மதித்தார். தச்சர்கள் ஒவ்வொரு மரத்திலும் இலக்கத் தகடு அடித்து இறக்கினார்கள். அவர் குளிரில் கதிரை போட்டு உட்கார்ந்து, கடைசி மரம் இறங்கும்வரை பார்த்தார். எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

பிறகு ஏதோ இழுபறியில் வேலை நின்றுபோனது. மரங்கள் தார்ப்பாய்க்குக் கீழே நனைந்துகொண்டு கிடந்தன. அவரும் முதியோர் இல்லத்தில் படுக்கையில் விழுந்தார். பார்க்கப் போனால் முதல் கேள்வியே, வீடு எவ்வளவு வந்திருக்கிறது என்பதுதான். யன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது என்று வாய்கூசாமல் சொன்னேன். அடுத்த முறை மேல்மாடி என்றேன். பாசி அடைத்தார்களா என்று கேட்டார். அதற்கும் ஓம் போட்டேன்.

“உமக்கேன் இந்த வேலை? உள்ளதைச் சொல்லிவிடும்” என்று என் கணவர் ஏசினார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. சொல்லிவிடும் முடிவோடு போய் முதலாளியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வாய் திறக்குமுன் அவர் என் கையைப் பிடித்து, நோர்வேஜிய மொழியில் மெல்லச் சொன்னார். எங்கள் பேச்சில் அது இப்படி வரும்:

“அங்கை ஒரு மரமும் எழும்பேல்லை எண்டு எனக்குத் தெரியும். நீ சொல்லு, கூரை போட்டாச்சோ?”

போட்டாச்சு என்றேன். புகைபோக்கியால் புகை வருகிறது என்றும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்று வாய்விட்டு அழுதேன். அந்தக் கிழமையே அவர் போய்விட்டார்.

யாழ்ப்பாணத்தில் தரைமட்டமாகிப்போன எங்கள் வீடு அப்படியே நிற்கிறது என்று, ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் எங்களோடு நோயாகக் கிடந்த அப்பாவிடம் நாங்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தோம். அடுப்படிக் கூரையின் ஒழுக்கை அடைத்துவிட்டார்களா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டதும் எல்லாம் தெரிந்துகொண்டுதானோ என்று இப்போது நினைக்கிறேன்.