யன்னலில் நின்ற மொட்டைத்தலை ஜனாதிபதி

படங்களுக்குப் பிரேம் போடும் கடைக்கு ஒரு முகத்தைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் சிரிக்கிற மனநிலையில் வருவதில்லை. உங்களில் இப்படிக் கடை நடத்தியவர்களுக்கு அந்த முகங்கள் பழக்கம்தானே? வெக்ஸ்போர்ட்டில் நான் கடை வைத்திருந்த காலத்தில் எனக்கு வந்த வேலையில் பாதி, முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மாலை போட்டு வைக்கும் படங்கள். ஆனாலும் அந்தக் காலத்தை நினைத்தால் இன்றைக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

மார்கரெட்டின் பெட்டி

அடுத்த தெரு மார்கரெட்டின் அப்பா பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் வரைந்தவர். மார்கரெட் கொண்டுவந்த பெட்டி முழுக்க அப்பா வரைந்த படங்கள்; எல்லாவற்றிலும் ஐம்பதுகளில் அமெரிக்காவை ஆண்ட ஜனாதிபதி. மொட்டைத்தலை, கையில் கொல்ஃப் மட்டை. பந்துக்குப் பதிலாகக் காலடியில் புகைகிற பூமி உருண்டை.

மார்கரெட் சின்ன அபார்ட்மென்டுக்கு மாறப்போகிறார், பெட்டிக்கு இடமில்லை. ஒன்றை மட்டும் பிரேம் போட்டு ஒரு கிழமை கடை யன்னலில் வைக்கச் சொன்னார்.

"ஒரே ஒருத்தர் சிரித்தாலும் எல்லாவற்றையும் கொண்டுபோவேன். இல்லாவிட்டால் குப்பைதான்."

துக்க விசாரிப்பு

கணவரின் படத்தைப் பெரிதாக்கக் கொடுக்க வந்தார் பரமேஸ் அன்ரி. யன்னலைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஜனாதிபதியைக் கும்பிட்டார். பிறகு செத்தவீட்டில் கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உவர் ஆற்றை அப்பா? எப்ப மோசம் போனவர்?"

பட்டச் சான்றிதழ்

சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் ஒருவர் சான்றிதழோடு வந்தார். படத்தை உற்றுப் பார்த்தார். இவராவது சிரிப்பார் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பல்லைக் கடித்தார்.

"அண்ணா, இது எங்க மேனேஜரேதான். ஆபீஸ் பத்திக்கிட்டு எரியும், சார் கோல்ஃபுக்குக் கிளம்பிடுவார்!"

கடைசி நாள்

மார்கரெட் கதிரையில் இருந்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லாமல் யன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து பரமேஸ் அன்ரி பெரிதாக்கிய படத்தை வாங்க வந்து, திரும்பவும் ஜனாதிபதியைக் கும்பிடப் போனார். இனியும் பொறுக்காமல் உண்மையைச் சொன்னேன். இது செத்தவீட்டுப் படமில்லை, நக்கல் படம். உலகம் எரிய எரிய இவர் விளையாடுகிறார் என்றேன்.

அன்ரி ஜனாதிபதியைப் பார்த்தார். கையிலிருந்த கணவரின் படத்தைப் பார்த்தார். பிறகு, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்காமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

"என்ரை மனுசனும் உப்பிடித்தான் தம்பி! வீடு பத்தினாலும் காட்ஸ் விளையாட்டை விட்டிட்டு எழும்பார்!"

நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். மார்கரெட் கையைக் காட்டி நிறுத்தினார். அவருடைய கண்ணும் நிறைந்திருந்தது.

"விளங்கிவிட்டது. பெட்டியைத் தாருங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்."

யன்னல் படத்தை மட்டும் எனக்கே தந்துவிட்டுப் போனார். கடையை விட்டு பிக்கரிங்குக்கு வந்த பிறகும் அது என் வரவேற்பறையில்தான் தொங்குகிறது, வருகிற சொந்தக்காரர் எல்லாம் அதன் முன்னால் குரலைத் தாழ்த்தி காலஞ்சென்ற என் மாமனாரின் நல்ல குணங்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.