எங்கள் கடைக்கு மேல் ஆடியவர்கள்

சென்ற ஒக்ரோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் மனைவி பரமேசும் அஜக்ஸிலிருந்து டான்ஃபோர்த் வரை போய்வந்தோம். நாற்பது கிலோமீற்றர்கூட இல்லை. போர்த்துக்கல், பெரு என்று பயணக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவன் இப்போது ரெயினில் ஏழெட்டு ஸ்ரேசன் போனதை எழுதுகிறான் என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். இது நான் போக விரும்பாமல் போன பயணம். அதனால் எழுதுகிறேன்.

காரணம் ஒரு ரெலிபோன் அழைப்பு. குளோரியா எடுத்திருந்தார். அவருடைய கணவர் நெவில் வசந்தத்தில் இறந்துபோனார் என்பது எங்களுக்குத் தெரியும், அடக்கத்துக்கும் போயிருந்தோம். இப்போது டான்ஃபோர்த்தில் பழைய மாடி மண்டபத்தில், ரொறன்ரோவின் சோல் நடனக் கூட்டத்தின் வரலாற்றை ஒரு நாள் பூராவும் ஆடிக் கொண்டாடப் போகிறார்களாம். ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு மணித்தியாலம். தொண்ணூறுகளுக்கு மட்டும் இருபது நிமிடம், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். விளம்பரத்தாளில் "அமைதியான பத்தாண்டு" என்று போட்டிருக்கிறார்கள்.

"அந்தப் பத்து வருசமும் நெவிலின் ஞாயிற்றுக்கிழமைகள்" என்றார் குளோரியா. (அவர் பேசியது ஆங்கிலத்தில், நான் தமிழில் தருகிறேன்.) "அவருடைய பாட்டைப் போடும்போது ஒருவரும் எழும்பாவிட்டால், அவர்கள் எழுதினது சரியென்று ஆகிவிடும். ஆட வேண்டாம். நீங்கள் ரெண்டு பேரும் வந்து தரையில் என்னோடு நில்லுங்கள். அது போதும்."

நான் முழங்காலைச் சொல்லித் தப்பப் பார்த்தேன். பரமேஸ் விடவில்லை.

"அமைதியான பத்தாண்டாமோ? என்ரை தலைக்கு மேலைதானே இடிச்சவையள். போறம், வெளிக்கிடுங்கோ."

அவள் சொன்னது உண்மை. அந்த மண்டபத்துக்குக் கீழேதான் எங்கள் பலசரக்குக் கடை இருந்தது.

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் அறுபதுகளில் பாடிய பாட்டு. அதில் பெயர் எடுத்த பாட்டுகளை விட்டுவிடுங்கள். சின்னக் கொம்பனிகள் அடித்து, விற்காமல் தேங்கிய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து அதற்கு ஆடுகிற ஒரு கூட்டம் இங்கிலாந்தின் வடக்கில், ஆலை நகரங்களில் உருவானது. நெவில் ஜமேக்காவில் பிறந்து, அந்த நகரங்களில் ஒன்றில் வளர்ந்து, இங்கே வந்தவர். தேங்கிய சரக்குக்காக மனிதர்கள் இப்படி உயிரை விடுவதை வியாபாரத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் ரொறன்ரோவுக்குக் கெட்ட காலம். வேலை இல்லை. கடைகள் மூடின, வாடகை விழுந்தது. அதனால்தான் என்னைப் போல கையில் ஒன்றுமில்லாமல் வந்தவனுக்கு டான்ஃபோர்த்தில் கடை கிடைத்தது. அதனால்தான் ஞாயிறுதோறும் பாட்டுப் போட்டு ஆட்டம் நடத்த நெவிலுக்கும் மேல்மாடி கிடைத்தது.

சனிக்கிழமைதோறும் வந்து ஆறு டின் குழந்தைப் பவுடர் வாங்குவார். வீட்டில் கைக்குழந்தைகள் கனக்க என்று நினைத்தேன். பிள்ளையே இல்லை என்று பேச்சுவாக்கில் தெரிந்தபோது, எங்கள் ஆட்கள் கோயிலுக்குப் போக முன் முகத்தில் அப்புவதுபோல இவரும் அப்புகிறார் என்று முடிவெடுத்தேன். என்னிடம் சந்தனப் பவுடர் இரண்டு பெட்டி விற்காமல் கிடந்தது. "முகத்துக்கு இது திறம். வேர்த்தாலும் மணக்கும்" என்று அதைத் தள்ளினேன். மனிதர் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார். மரத்தரை. அதில் பவுடரைத் தூவி, சப்பாத்து அடியைத் தேய்த்துவிட்டு, வழுக்கிப்போய் ஒரு சுழற்சி சுழன்று நின்றார். பவுடர் எதற்கென்று அன்றுதான் விளங்கியது.

ஆனால் இரண்டு பெட்டியையும் வாங்கிவிட்டார். அன்றிலிருந்து அந்த மாடியில் சந்தனம்தான். பின்னேரம் ஆட்டம் சூடுபிடித்தால் படிக்கட்டு வழியாக மணம் கடைக்குள் இறங்கும். சாமான் வாங்க வருகிற அன்ரிமார், "மேலை கோயிலோ தம்பி?" என்று கேட்பார்கள்.

பெரிய கூட்டம் என்று பொய் சொல்லமாட்டேன். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வருபவர்கள், பஸ் ஓட்டுபவர்கள், தாதிமார். எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. விளம்பரம் போடாத கடையை மூடிய கடை என்று சொல்லலாமா?

இனி பரமேஸ் ஏன் விடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் ஒரு ஞாயிறு காலையில், அவளுடைய தம்பி ஊரில் ஷெல்லடியில் செத்துப்போன செய்தி வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கடையைத் திறந்துவிட்டோம். இன்றைக்கு நினைத்தால் விசர் வேலை. அன்று வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது. குளோரியா ஆட்டத்துக்கு வந்தவர், மேலே ஏறமுன் தண்ணீர்ப் போத்தல் வாங்க உள்ளே வந்தார். காசுப் பெட்டியடியில் நின்ற பரமேஸின் முகத்தைப் பார்த்தார். ஆட்டத்துக்குப் போட்ட நல்ல பாவாடையோடு, கடையின் பின்பக்கம் வெங்காய மூட்டையில் அவள் பக்கத்தில் இருந்துவிட்டார். மேலே நெவில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார், தலைக்கு மேல் கால்கள் இடித்தன. கடை பூட்டும்வரை குளோரியா எழும்பவில்லை.

இப்போது பயணம். ஞாயிறு காலை பத்தரைக்குப் பிறகு அஜக்ஸில் ரெயின் ஏறினோம். வார இறுதியில் நாள் முழுக்கப் போய்வர ஆளுக்குப் பத்து டொலர். கார் கொண்டுபோனால் 401 நெடுஞ்சாலை நெரிசலில் நிற்பதும் தரிப்பிடம் தேடுவதும்தான் மிச்சம். இடப்பக்கம் இருந்தால் வழியில் ஏரி தெரியும். முக்கால் மணித்தியாலத்துக்குள் டான்ஃபோர்த். ஸ்ரேசனிலிருந்து மண்டபம் பத்து நிமிட நடை. என் முழங்காலுக்குப் பதினைந்து. எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது பல் வைத்தியசாலை. பரமேஸ் கண்ணாடிக்குள்ளே எட்டிப் பார்த்து, "உதிலைதான் மிளகாய்த்தூள் அடுக்கினனான்" என்றாள். உள்ளே வெள்ளைக் கதிரை ஒன்று தெரிந்தது.

நுழைவுக் கட்டணம் இருபது டொலர். மேலே மரத்தரை இல்லை. பளபளவென்று புதிய தரை போட்டிருந்தார்கள். சுவரில் அறிவித்தல்: தரையில் பவுடர் தூவக்கூடாது. நிகழ்ச்சியை நடத்தியவர் டேரன் என்ற நாற்பது வயதுக்காரர். கெட்டவர் இல்லை. இந்தக் கூட்டத்துக்குள் அவர் வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. தான் காணாத காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கிற வியாதி எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

எழுபதுகளுக்குத் தரை நிறைந்திருந்தது. எண்பதுகளுக்கும் அப்படித்தான். பிறகு டேரன் மைக்கில், "அடுத்து, அமைதியான பத்தாண்டு. சாப்பாடு பின்னால் இருக்கிறது" என்றார். சனம் மேசைப் பக்கம் திரும்பியது. நெவிலின் இசைத்தட்டு சுழலத் தொடங்கியது. அவசரமில்லாத, கனத்த பாட்டு. குளோரியா தோல் அடிச் சப்பாத்தோடு நடுத்தரைக்குப் போய்த் தனியே நின்றார். எதிர்ப்பக்கம் முழுக்க முதுகுகள்.

பரமேஸ் கைப்பையைத் திறந்தாள். உள்ளே சந்தனப் பவுடர் டின்.

"எடியே, தூவக்கூடாதெண்டு போட்டிருக்கு."

"அதுக்குத்தானே உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான். போய்க் கதையுங்கோ."

மண்டபப் பொறுப்பாளர் வாசலடியில் நின்றார். தரையில் போடக்கூடாது, சரி. சப்பாத்தில் போடலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், நடுவில் நிற்கிற குளோரியாவைப் பார்த்தார். "வாசல் கம்பளத்தில் வைத்துச் செய்தால் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பரமேஸ் தன் சப்பாத்து அடியில் பவுடரைத் தட்டினாள். டின் பழசு, மூடி இறுக்கம். ஒரு முழுக் குவியல் விழுந்து புகைபோல எழும்பியது. மணம் பரவியது. சாப்பாட்டு வரிசையில் நின்ற மிக உயரமான மனிதர் ஒருவர் திரும்பினார். கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டை அப்படியே பக்கத்து மேசையில் வைத்தார்.

"யாரிடம் அந்தப் பவுடர்?"

வந்து காலைத் தூக்கி நீட்டினார். அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. பரமேஸுக்கு இருந்தது. "இஞ்சி பியர் வாங்கிறவர்" என்றாள். பிறகு ஒரு பெண், பிறம்ரனிலிருந்து வந்தவர். அந்தக் காலத்தில் களஞ்சியசாலையில் இரவு முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு நேரே இங்கே வந்தவராம். "இந்த மணத்துக்கு இன்னும் எனக்கு நித்திரை கலையும்" என்றார். பிறகு விட்பியிலிருந்து ஒரு சோடி. இவர்கள் எல்லாரும் காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் நரைத்த தலையில் அடையாளம் தெரியாமல் நின்றிருக்கிறார்கள்.

குளோரியா திரும்பிப் பார்த்தபோது அவருக்குப் பின்னால் தரை நிறையவில்லை. பாதிகூட இல்லை. தொண்ணூறுகளில் இருந்த அளவுக்கு இருந்தது. குளோரியா கையை நீட்டினார். பத்து வருடம் கீழே நின்று இந்தக் கால்களின் சத்தத்தை மட்டும் கேட்ட பரமேஸ், நடுத்தரைக்குப் போனாள். ஆட்டம் என்று சொல்லமாட்டேன். இரண்டடி அங்காலே, இரண்டடி இங்காலே. இருபது நிமிடம் முடிந்தபோது டேரன் கடிகாரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நெவிலின் இசைத்தட்டுப் பெட்டிக்குள் கையை விட்டு அடுத்ததை எடுத்தார்.

திரும்பும் ரெயினில் பரமேஸ் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். நித்திரை என்று நினைத்தேன். "அண்டைக்கு அவா என்ரை கையைக்கூடப் பிடிக்கேல்லை, தெரியுமோ" என்றாள். "பக்கத்திலை இருந்தவா. அவ்வளவுதான்."

இப்படியான நாளுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ரப்பர் அடிச் சப்பாத்து போட வேண்டாம், முழங்கால் திருகும். படிக்கட்டு செங்குத்து, லிஃப்ட் இல்லை. சாப்பாட்டை நேரத்தோடு எடுத்துவிடுங்கள். தொண்ணூறுகளின் பாட்டு தொடங்கினால் இனி ஆறித்தான் கிடைக்கும். ஒரு டின் பவுடர் கைப்பையில் வையுங்கள், கம்பளத்தில் நின்று போடுங்கள். சந்தனமாகவே வாங்குங்கள். மணமில்லாத பவுடர் வழுக்க மட்டும்தான் உதவும்.