ரத்தம் கொடுக்கப் போனபோது கேட்ட குரல்

என் தம்பி மனைவி சுமதிக்கு ஆபரேஷனில் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக இருந்தது. சுமதிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பி நெகட்டிவ். மைசூரில் அந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு யூனிட்தான் இருந்தது. எனக்கும் அதே குரூப். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் கோழிக்கோட்டில் என் நாத்தனாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலாகக் கிடந்த ஒரு அம்மா வாயைக் காட்டித் தண்ணீர் கேட்டார். தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன். மறுநாள் காலை அந்த இடத்தில் கட்டிலே இல்லை. தரையில் கட்டிலின் நாலு கால் பதிந்த தடம் மட்டும். எங்கே என்று கேட்டால் நர்சுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊருக்கு வந்த பிறகு டிவியில் நிபா காய்ச்சல் செய்தி. அதே ஆஸ்பத்திரி. நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஒன்றும் இல்லையே என்று இருந்துவிட்டேன்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். "அக்கா, நீ நல்லாத்தானே இருக்கே? எதுவும் இல்லேன்னு எழுதிடு. சுமதி போயிடுவா" என்றான்.

ரத்த வங்கி அறையில் ஒரு பெண் கன்னடத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். காய்ச்சல்? இல்லை. வெளியூர்ப் பயணம்? இல்லை என்றேன். பொய். மனசுக்குள், "நஞ்சுண்டேஸ்வரா, விஷத்தைக் குடித்தவனே, என்னால் அவளுக்கு எதுவும் வரக்கூடாது" என்று வேண்டினேன். அறை திடீரென்று குளிர்ந்தது. விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்தப் பெண் தலை நிமிராமல், சுத்தமான தமிழில், "யாருக்குத் தண்ணி கொடுத்தே?" என்றாள்.

எல்லாவற்றையும் கன்னடத்தில் கொட்டிவிட்டேன்.

அவள் பதறி எழுந்து டாக்டரைக் கூப்பிட்டாள். ரத்தம் எடுக்கவில்லை. என்னைத் தனி அறைக்கு அனுப்பினார்கள். போகும்போது, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவள் விழித்தாள். "கையை நீட்டுங்கள் என்றுதான் சொன்னேன். எனக்குத் தமிழ் வராது மேடம்" என்றாள், கன்னடத்தில்.

தனி அறையில் அழுதுகொண்டே வேண்டினேன். தம்பி போனில்கூடப் பேசவில்லை. இருந்த ஒரு யூனிட்டை ஏற்றிச் சுமதியைத் தாக்குப்பிடிக்க வைத்தார்கள். அதற்குள் ரத்த வங்கிக்காரர்கள் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்ட அதே குரூப்காரர் ஒருவர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், வந்து சேர்ந்தார். நஞ்சன்கூட்டிலிருந்து. என் சாமி நஞ்சுண்டேஸ்வரன் கோயில் கொண்ட ஊரிலிருந்து! சோதித்து, சாயங்காலம் அவர் ரத்தத்தை ஏற்றினார்கள். சுமதி கண் திறந்தாள்.

மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. செத்தேன் என்றே நினைத்தேன். பரிசோதனையில் நிபா இல்லை. டெங்கு! ரத்தம் கொடுக்கப் போன அன்றே அது என் உடம்பில் இருந்திருக்கும் என்றார் டாக்டர். வழக்கமாக ரத்தத்தில் பார்க்கிற சோதனைகளில் அது தெரியாதாம். நான் எதற்குப் பயந்தேனோ அது இல்லை. எனக்கே தெரியாத ஒன்றிலிருந்து சுமதியை நஞ்சுண்டேஸ்வரன் காப்பாற்றினான்.

தம்பி வந்து என் காலில் விழுந்தான். நான் அவனைத் திட்டவில்லை. பொய் சொன்னவள் நானும்தானே.

உடம்பு தேறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, முதல் தடவையாக ரத்தம் கொடுத்தேன். இப்போது முகாம்களுக்குப் போய் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். ரத்தம் எடுக்கும் முன் கேள்வி கேட்கிற அந்த மேஜையில் எதையும் மறைக்காதீர்கள். உங்களால் கொடுக்க முடியாமல் போனால், கொடுக்கக்கூடிய வேறொருவரைச் சாமி அனுப்புவான். எனக்கு அனுப்பினான். நம்பி வாயைத் திறந்து சொல்லுங்கள்.