பல் ஆபரேஷன்

மெத்தைக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். ஊரில் பாதிப் பேர் சாய்ந்து கிடக்கும் சோபாக்கள் அவர் கைவேலை. ஆனால் அந்த மனுஷன் ஒரு சோபாவில் நிம்மதியாக உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது. பவுத்திரம். ஆசனவாய்க்குப் பக்கத்தில் வந்த கட்டி உடைந்து, உள்ளுக்குள் வழி போட்டுக்கொண்டு, ஆறுவதுபோல ஆறி மறுபடி சீழ் வைக்கும். மடித்த துணியை வைத்துக்கொண்டுதான் நடமாட்டம். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் நின்றபடியே தலையைக் காட்டிவிட்டு நழுவிவிடுவார். "மனுஷனுக்குக் கால்ல சக்கரம்" என்று சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

வெளியூரில் இருக்கும் மகள் உண்டான பிறகுதான் மனைவி ஒரே பிடியாக நின்று அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

"குழந்தை பொறந்தா பஸ்ல உக்காந்து போகணும்ல? மடியில வெச்சுக் கொஞ்சணும்ல?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மசிந்தார்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "வெட்டினா மலத்தை அடக்குற தசை கெட்டுப்போக வாய்ப்பிருக்கு. அதனால அந்த வழிக்குள்ள ஒரு தக்கையைச் செருகித் தையல் போடுறேன். அதைப் பிடிச்சுக்கிட்டு உங்க சதை வளர்ந்து மூடிக்கும். எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்லமாட்டேன். ஆனா நான் சொல்றவரைக்கும் கனம் மட்டும் தூக்கிடாதீங்க. தக்கை வெளிய வந்துடும்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே நம்ம ஆள் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தார். கடையில், சொந்தபந்தத்தில், பெற்ற மகளிடம்கூட, பல் ஆபரேஷன் என்று சொல்லிவைத்தார். "இதைப் போய் எவன்கிட்ட சொல்றது? மானம் கப்பலேறிடும்" என்று மனைவியிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் முன்னால் கன்னத்தில் கைவைத்து முனகவும் செய்தார். என்ன சாமர்த்தியம்!

துணி காய்ந்தே இருக்கத் தொடங்கிய நேரத்தில் மைத்துனன் வீடு மாற்றினான். சும்மா எட்டிப்பார்க்கத்தான் இருவரும் போனார்கள். மாடிப்படித் திருப்பத்தில் இரும்பு பீரோ சிக்கிக்கொண்டது.

"மாமா, அந்த மூலையை ஒரு கை புடிங்க."

"எனக்கு... பல்லு..."

"பல்லாலயா தூக்கச் சொன்னேன்? கையாலதான் மாமா!"

படியில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வேண்டாம் என்று மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரே ஒரு வார்த்தை. அவர் சொல்லவில்லை. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு அவளும் சொல்லவில்லை. குனிந்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினார்.

மறுநாள் குளியலறையில் பார்த்தால், தக்கை துணியில் கிடந்தது, ஊறி வெளுத்த விளக்குத் திரி மாதிரி. பின்னாலேயே பழைய சீழ். மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நானாவது வாயைத் திறந்திருக்கணும்" என்று அவள் சொன்னபோது அவருக்கு உயிரே போய்விடும்போல இருந்தது. புண் அடங்கட்டும், மறுபடி பார்க்கலாம், நாளாகும் என்றார் டாக்டரம்மா.

பேத்தி பிறந்தாள். மனைவி மட்டும் பஸ் ஏறினாள். மகள் கடைக்குப் போன் போட்டாள்.

"அப்பா, பாப்பா அப்படியே உங்க ஜாடை. எப்ப வர்றீங்க?"

"வரணும்மா... இந்தப் பல்லு இன்னும்..."

அந்தப் பக்கம் சிணுங்கிய குழந்தையைச் சமாதானம் செய்துவிட்டு மகள் கேட்டாள்.

"பல்லுவலிக்காப்பா பேத்தியைப் பாக்க வரல?"

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். முன்னால் பாதி தைத்த சோபா. பெற்ற பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

"ஆமாம்மா" என்றார்.

"சரிப்பா. பல்லைப் பாத்துக்கோங்க."

அதற்குப் பிறகும் அவள் போன் செய்தாள். எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் கேட்கவே இல்லை.