தாய்மாமன் வேட்டி

பேத்தி பிறந்த செய்தி வந்தபோது நான் எங்கள் கோழிப்பண்ணையில் செத்த கோழிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெயில் காலத்தில் தினமும் சாகும். கூண்டு கூண்டாகப் பார்த்து, செத்ததைக் காலைப் பிடித்து இழுத்துச் சாக்கில் போடுவது என் வேலை. இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ‘முட்டை வியாபாரி’ என்று காட்டியது. மகளின் நம்பரை அந்தப் பேரில்தான் பதிந்து வைத்திருந்தேன். அவள் பேரில் வைத்தால் என் மகன் பார்த்துவிடுவான்.

படமும் அனுப்பினாள். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு, யாரையோ குத்தப் போவதுபோலக் கையை இறுக்கி வைத்திருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைதான், சந்தேகமே இல்லை. கோழி நாற்றம் அடிக்கும் கையோடு நின்று அழுதேன்.

மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அவள் வீட்டைவிட்டுப் போன அந்த வாரத்திலேயே அவள் அண்ணன், அவளுடைய துணி, புத்தகம், செருப்பு எல்லாவற்றையும் செத்த கோழி எரிக்கும் குழியில் போட்டுக் கொளுத்தினான். அப்புறம் அந்தப் பையனைப் பைபாஸில் மறித்து இரும்புக் கம்பியால் முழங்கையை உடைத்தான். தங்கையை எங்கே பார்த்தாலும் வெட்டுவேன் என்று டீக்கடையில் வைத்துச் சொன்னான். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதற்குத்தான். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் அவரும் ஆட்டியிருப்பார்.

மகளும் மருமகனும் சேலம் அம்மாபேட்டையில் ஒரு சந்துக்குள் குடியிருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறந்தால் அவள் பிணம்.

இருந்தாலும் போர்வை தைக்க உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளையைப் புதுத்துணியில் போடமாட்டோம். பழைய நூல்சேலைகளை மடித்து அடுக்கி, ஓரத்திலிருந்து உள்பக்கமாகத் தையல் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். அடித்துணிக்கு என் சேலைகள் இருந்தன. மேல்துணி தாய்மாமன் உடுத்திய வேட்டியாக இருக்க வேண்டும், அது எங்கள் குடும்ப வழக்கம். என் பிள்ளைகள் இரண்டும் என் தம்பியின் வேட்டியில் கிடந்தவைதான். இந்தப் பிள்ளைக்கும் தாய்மாமன் இருக்கிறான். அருவாளோடு இருக்கிறான்.

அதனால் அவனைக் கேட்கவில்லை. நேராக பீரோவைத் திறந்தேன். பழைய வேட்டிகள் நிறையக் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்திருந்தால் அவனுக்குத் தெரிந்தே இருக்காது. நான் எடுத்தது பச்சைக்கரையில் ஜரிகை ஓடும் வேட்டி. கோயில் பண்டிகைக்கு அதைக் கட்டிக்கொண்டுதான் பெரிய மனுஷனாக முன்னால் நடப்பான். ஓரத்தைப் பல்லால் கடித்து டர்ரென்று கிழித்தேன். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் என்னை ஒரு தாய் என்றே சொல்லமாட்டீர்கள்.

அவன் முட்டை வண்டியோடு கிளம்பியதும், தீவனக் குடோனில் மக்காச்சோள மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து தைப்பேன். ஊசி இறங்கும்போதெல்லாம் ஆளை நினைத்துத்தான் இறக்கினேன். டீக்கடைக்காரனுக்கு ஒன்று, தலையாட்டியவர்களுக்கு ஆளுக்கொன்று, மகனுக்குக் கணக்கில்லை. பேத்திக்குத் தைக்கிறவள் அப்படி ஊசி பிடிக்கக் கூடாது. என் விரலிலும் குத்தாத இடமில்லை.

முடியப்போகிற நேரத்தில் பங்காளி வீட்டுக் கல்யாணம் வந்துவிட்டது. மகன் அந்த வேட்டியைத் தேடி பீரோவையே கவிழ்த்தான். பிறகு குடோனுக்கு வந்தான்.

"எங்கம்மா என்ற வேட்டி?"

மடியில் பச்சைக்கரை மேலே தெரியக் கிடந்தது. வழக்கம் அவனுக்கும் தெரியும், எதற்கென்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அந்த நாய்க்குப் பொறந்ததுக்கு நான் மாமனா?" என்றான். சுவரில் சாத்தியிருந்த அருவாளை எடுத்தான். நான் போர்வையை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். ஒரே வீச்சு. போர்வை பிளந்தது, அதைப் பிடித்திருந்த என் முன்கையும் பிளந்தது. தீவனம் அள்ளும் தகர முகவையை எடுத்து அவன் முகத்தில் ஓங்கி அடித்தேன். மூக்கு உடைந்தது. இரண்டு பேர் ரத்தமும் மக்காச்சோளத்தில் சொட்டியது. என் போனைப் பிடுங்கித் தங்கை பேரைத் தேடினான். கிடைக்காத ஆத்திரத்தில் சுவரில் வீசினான்.

அப்புறம் என்ன தோன்றியதோ, என் பக்கத்தில் உட்கார்ந்தான். வேட்டியில் மிச்சமிருந்த துண்டைக் கிழித்து என் கையைச் சுற்றிக் கட்டினான். அவன் கண்ணில் தண்ணி வந்தது.

"எனக்கும் மருமவதானேம்மா. ஒருதடவ பாத்துப்போட்டு வந்தர்றேன். ஊடு எங்கீன்னு மட்டும் சொல்லு சாமி."

அவன் என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அம்மாபேட்டை என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பெற்ற வயிறு அவ்வளவு கேடுகெட்டது. அப்போதுதான் கவனித்தேன். கட்டுப் போடுகிற நேரத்தில்கூட அருவாளை அவன் கீழே வைக்கவில்லை, கக்கத்தில் இடுக்கியிருந்தான்.

"எனக்குத் தெரியாது சாமி" என்றேன்.

மறுநாள் அவன் முட்டை வண்டியோடு போன பிறகு, கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போவதாகப் பண்ணை ஆளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ராத்திரியே ரத்தம் போக அலசிப் போட்ட போர்வை தீவனப் பைக்குள் இருந்தது. ராசிபுரத்தில் இறங்கி, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு வேறு பஸ் ஏறினேன். சேலம் போய்ச் சேருவதற்குள் போர்வையில் வெட்டுப்பட்ட இடத்தைச் சிவப்பு நூலால் இழுத்துத் தைத்தேன். கையிலிருந்த நூல் அதுதான்.

அம்மாபேட்டைச் சந்தில் தறிச் சத்தம் காதைக் கிழித்தது. மருமகன் வேலைக்குப் போயிருந்தான். மகள் என் கையைப் பார்த்துப் பதறினாள். கோழிக்கூண்டுக் கம்பி கிழித்துவிட்டது என்றேன். போர்வையை வாங்கி விரித்தாள். பச்சைக்கரையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணன் குடுத்தாங்களாம்மா?"

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை, கல்யாணப் போட்டோவில்கூட. குழந்தையை அதில் கிடத்தினாள். கரையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"கோவமெல்லாம் போயிருச்சாட்டம் இருக்குது. நானே கூப்புட்டு ஊட்டுக்கு வரச் சொல்றேன்" என்று போனை எடுத்தாள். அண்ணன் நம்பரை அவள் மறக்கவில்லை.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒரு நாளாவது அவள் சந்தோஷமாக இருந்திருப்பாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். குழந்தையை ஒருபக்கமாக நகர்த்தி, சிவப்புத் தையலைக் காட்டினேன்.

"அவன் குடுக்குல சாமி. நாந்தான் எடுத்துக் கிழிச்சேன். இது அவன் அருவா எறங்குன எடம். என்ற கையிலயும் அதேதான். அவன் எப்ப வந்தாலும், மாமன்னு சொல்லி அழுதுட்டே வந்தாலும், கதவத் தொறக்காத."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. போனைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவுக்கு மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் இரண்டும் போட்டாள். நான் உள்ளே வந்ததிலிருந்து அந்தக் கதவு சும்மா சாத்தித்தான் கிடந்தது.